ராஸ்பெர்ரி ஷேக்: திருவாரூர் பக்கம் எங்க வீட்டுல ஒரு பூகம்ப மானி

2025 பொங்கல் முடிஞ்ச கையோட வாங்கினது, ஒரு வருஷம் ஓட்டிப் பாத்துட்டுதான் எழுதுறேன். நல்ல சாமான். சயின்ஸ் எடுக்கிற டீச்சருங்க கண்டிப்பா வாங்கலாம்.

கையடக்க பெட்டி, உள்ள ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டும் ஒரு ஜியோபோனும். ஜியோபோன்னா காந்தமும் ஸ்பிரிங்குல தொங்குற கம்பிச்சுருளும்தான், தரை ஆடும்போது காந்தம் கூடவே ஆடும், சுருள் அசையாம நிக்கப் பாக்கும், அந்த வித்தியாசத்துல துளியூண்டு கரண்ட் வரும், அதை செகண்டுக்கு 100 தடவை அளந்து நெட்ல அனுப்பிடும்.

முதல்ல மாடியில வச்சேன், தப்பு, யாரு நடந்தாலும் கோடு துள்ளுச்சு. அப்பறம் கீழ நெல்லு மூட்டை அடுக்குற ரூம்ல, சிமெண்ட் தரையில வச்சேன். பூகம்பம் அளக்க ஸ்டேஷன் வைக்கிறவங்க பாறை தேடிப் போவாங்க, நம்ம ஊர்ல எங்க தோண்டுனாலும் வண்டலும் களிமண்ணும்தான், அதனால ரோட்டு அதிர்வு எல்லாம் உள்ள வருது. சம்பா அறுவடையில கதிர் அறுக்கிற மிஷின் தெருவுல திரும்புறது ஸ்க்ரீன்ல தெரியும். பக்கத்து வயல் மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுத்து, அது 24 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 24 அதிர்வுல, நேர் கோடா ஓடும், மோட்டாரை நிறுத்துனா கோடும் நிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குதான் தரை அடங்கும்.

மார்ச் 28, மியான்மர்ல 7.7 அளவு பூகம்பம். நம்ம நேரம் 11:50க்கு அங்க ஆடுச்சு, அஞ்சு நிமிஷத்துக்குள்ள எங்க வீட்டுக் கோடு நடுங்க ஆரம்பிச்சுருச்சு. முதல்ல வேகமா வர்ற பி அலை, சில நிமிஷம் கழிச்சு மெதுவா வர்ற எஸ் அலை, அப்பறம் பெரிய மேற்பரப்பு அலை, பாடத்துல படிச்ச அதே வரிசை. யாருக்கும் ஒண்ணும் உறைக்கல, ரூம்ல மூட்டை மேல பூனை தூங்கிட்டு இருந்துச்சு.

நாகப்பட்டினத்துல இருந்து வந்த அத்தை அந்தப் படத்தை ரொம்ப நேரம் பாத்துச்சு. 2004ல மாமாவ கடல் கொண்டு போச்சு. "இது அன்னைக்கு இருந்தா தெரிஞ்சிருக்குமாப்பா?"ன்னு கேட்டுச்சு. தெரிஞ்சிருக்கும் அத்தன்னேன். சுமத்ராவுல 6:29க்கு ஆடுனது நாலஞ்சு நிமிஷத்துல இங்க வந்திருக்கும், கடல் அலை வர ரெண்டரை மணி நேரம் ஆச்சு. உலகம் பூரா மானிங்க அதைப் பதிஞ்சுது, இந்தியப் பெருங்கடல்ல கரைக்கு சொல்லத்தான் ஏற்பாடு இல்ல. 2007லதான் ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் நிறுவனத்துல சுனாமி எச்சரிக்கை மையம் வந்துச்சு. அத்தை மறுபடி ஒண்ணும் கேக்கல.

அதனால ஒண்ணு அழுத்திச் சொல்லணும், இத நம்பி கடல் பக்கம் முடிவு எடுக்காதீங்க, அதுக்கு இன்காய்ஸ் அறிவிப்புதான். சுனாமியான்னு பாக்க கடலுக்கு அடியில அழுத்த மானி, கரையில நீர்மட்ட மானி எல்லாம் வேணும். ஒத்த மானியை வச்சு இடமும் சொல்ல முடியாது, பக்கத்துல நடந்த அதிர்வுன்னா பி, எஸ் இடைவெளி செகண்டை எட்டால பெருக்குனா தோராயமா கிலோமீட்டர் தூரம் வரும், திசை வேணும்னா மூணு ஸ்டேஷனாவது தேவை. நம்ம டெல்டாவுல இன்னும் ரெண்டு பேரு வச்சா எனக்கு ரொம்ப சந்தோஷம்.

வாங்குறவங்க சின்ன யூபிஎஸ் ஒண்ணும் சேத்து வாங்கிடுங்க. கரண்ட் பொசுக்குன்னு போனா மெமரி கார்டு கெட்டுப்போற வாய்ப்பு இருக்கு, நெட் இல்லன்னா கடிகாரமும் தள்ளிப் போகும், நேரம் தப்பா இருந்தா அந்தப் பதிவால ஒரு பிரயோஜனமும் இல்ல.