முன்பணம் கொடுப்பதற்கு முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்

2024 மே மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு தரகர் மூலம் சென்னைப் பதிவெண் கொண்ட பழைய டீசல் கார் ஒன்றை 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தேன். நம் மாவட்டத்தில் இன்னொரு குடும்பம் இப்படிப் பணத்தை இழக்கக் கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

வண்டிக்குள் புதிய சீட் கவர், புதிய மிதியடி, தூக்கலான வாசனைத் திரவியம். அந்த மணத்தைச் சுத்தத்தின் அடையாளம் என்று நினைத்தேன். ஈரவாடையை மறைக்கத்தான் அதைத் தெளித்திருந்தார்கள். நாற்பதே நாளில் கண்ணாடி ஏற்றும் மோட்டார் நின்றது, ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தது. தருமபுரியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டு சென்றபோது அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் பக்கத்துப் பெல்ட்டை நிதானமாகக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். வெளியே தெரியும் பகுதி கழுவித் துடைத்துக் கருப்பாக இருக்க, உள்ளே சுருண்டு கிடந்த கடைசி இரண்டு சாணில் வேட்டிக் கரைபோல வண்டல் காய்ந்து ஒட்டியிருந்தது. இருக்கைக்கு அடியிலிருந்த போல்ட்டுகளில் துரு, டேஷ்போர்டுக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பு, ஸ்டெப்னிக் குழியில் மணல். 2023 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம் என்றார். அது சென்னைக்கு மட்டுமான கவலை அல்ல. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது நம் ஊத்தங்கரையிலேயே நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் இழுத்துச் சென்றது.

அடுத்த அடி பெயர் மாற்றத்தில் விழுந்தது. பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட படிவம் 29, 30 இரண்டையும் கொடுத்து, "பத்து நாள்ல பேர் மாறிடும் சார், நான் பாத்துக்கறேன்" என்றார் தரகர். ஆர்.சி.யில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்படாமல் இருப்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சுட்டிக்காட்டிய பிறகுதான் கவனித்தேன். கடன் தீர்ந்ததற்கான தடையின்மைச் சான்றும், அந்த நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-உம் இல்லாமல் அந்தப் பெயர் நீங்காது. நிலுவையோ 1 லட்சத்து 10 ஆயிரம்; உரிமையாளரின் கைபேசி அணைந்தே கிடந்தது. வண்டி கடனில் இருக்கிறதா என்பதைப் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பதிவெண்ணைக் கொண்டு நான் அன்றே பார்த்திருக்கலாம். பழைய காப்பீட்டுப் பத்திரத்தின் நகலை வாங்கி, வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு பெறப்பட்டதா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் விசாரித்திருக்கலாம்.

நிலுவையை நானே கட்டித்தான் படிவம் 35 பெற்றேன். தரகர்மீது நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கச் சென்றபோது, வங்கி வழியாக அனுப்பிய 3 லட்சத்துக்கு மட்டுமே என்னிடம் சான்று இருந்தது. மீதியை ரொக்கமாகக் கொடுத்திருந்தேன்; வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட்டும் எழுதி வாங்கவில்லை.