கறுவா, றப்பர், சிரட்டை, சும்மா கிடைக்கும் கிளை: கொழும்பு அடுப்புக்கு எந்த விறகு?

கொழும்பில் காசு கொடுத்து வாங்கக்கூடிய விறகில் முதலிடம் கறுவாவுக்குத்தான். பட்டை உரித்தபின் மிஞ்சும் தடிகளைக் கட்டாகக் கட்டி விற்கிறார்கள். மரத்துக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பது பட்டை. கறுவாவுக்கு அது தோட்டத்திலேயே உரிந்துவிடுகிறது. தடியும் பெருவிரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரைதான் வரும். ஆகவே நல்ல வெயிலில் இரண்டு மூன்று கிழமையிலேயே காய்ந்துவிடும். பிளக்கத் தேவையில்லை, நேராக இருப்பதால் அடுப்பு வாயில் சிக்காது, புகையும் குறைவு. வாசத்துக்காக வாங்க நினைக்காதீர்கள், வாசம் பட்டையோடு போய்விட்டது.

குறை ஒன்று உண்டு. மெல்லிய தடி மளமளவென்று எரிந்து தீரும். சோறு, கறி, தேநீர் என்றால் பிரச்சினை இல்லை. மாட்டெலும்பு அவிக்கவோ பலர் ஒரே தட்டில் உண்ணும் சவன் சோறு ஆக்கவோ கறுவாவை மட்டும் நம்பினால் அடுப்பை விட்டு அசைய முடியாது. அதற்குத் தணல் நிற்கும் கட்டை வேண்டும்.

வாங்கும்போது கட்டின் வெளித் தடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடுவிலிருந்து ஒன்றை உருவுங்கள். முழங்காலில் வைத்து அழுத்தினால் சடக்கென்று முறிய வேண்டும், வளைந்து நார் விட்டால் பச்சை. வெட்டுமுனையில் நடுவிலிருந்து விரியும் வெடிப்புகள் இருந்தால் காய்ந்தது. இரண்டு தடியை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். மாப்போன்ற மெல்லிய தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. அது எரியும், ஆனால் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் மரத்தளபாடத்துக்கும் பரவலாம்.

அடுத்தது றப்பர். ஏறத்தாழ 30 வருடத்தில் பால் குறைந்த மரங்களை வெட்டி மறுநடுகை செய்வதால் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கமிருந்து லொறி லொறியாக வரும். தேயிலைத் தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கும் பேக்கரிப் போறணைகளுக்கும் பழகிய விறகு. சுலபமாகப் பிளக்கும், சுவாலை ஒரே சீராக நிற்கும், தணலும் பரவாயில்லை. ஆனால் கொழும்புக்கு வந்து சேரும் றப்பரில் பெரும்பாலானது பச்சை. புதிதாக வெட்டிய கட்டையின் எடையில் பாதியளவு தண்ணீர் இருக்கக்கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கிலோவில் ஐந்து கிலோ தண்ணீர் என்றால் எரியப்போவது ஐந்து கிலோ மரம். அதிலும் ஒரு பங்கு வெப்பம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். 20 வீத ஈரமுள்ள பத்துக் கிலோ தரும் வெப்பத்தில் பாதியைச் சற்றுத் தாண்டியதுதான் கைக்கு வரும். நிறுத்து வாங்குபவர் பச்சை றப்பருக்கு ஒரு விலை சொன்னால், காய்ந்த கறுவாவுக்கு அதன் ஒன்றரை மடங்கு கொடுத்தாலும் நட்டமில்லை. வெட்டிச் சில நாளிலேயே றப்பர் நீலங்கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும், வண்டும் விரும்பி வரும். வாங்கினால் அன்றைக்கே பிளந்து அடுக்குங்கள், உருட்டுக் கட்டையாகக் குவித்து வைக்காதீர்கள்.

இனிச் சும்மா கிடைப்பவை. இதில் ராஜா சிரட்டை. அடர்த்தி கூடியது, சாம்பல் மிகக் குறைவு, கிலோவுக்குக் கிலோ பெரும்பாலான மரங்களை விடச் சூடு கூட. காய்ந்த சிரட்டை இரண்டை உடைத்து அடியில் வைத்தால் ஈரம் சற்றுக் கூடிய கட்டையும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ப் பசையான கரும்புகை முதல் சில நிமிடங்களுக்கு வரும். அந்த நேரத்தில் பாத்திரத்தை வைத்தால் அடி கரிப்பிடித்துக் கழுவவே முடியாது. சுவாலை அடங்கித் தணலானபின் றொட்டி சுட, மீன் சுட, சவன் சோற்றுப் பானையின் மூடிமேல் போட்டுத் தம் வைக்க இதைவிட நல்லது கிடையாது. தேங்காய் நிறையத் துருவும் சாப்பாட்டுக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஆனால் செயற்படு கரி செய்து ஏற்றுமதி செய்பவர்களும் சிரட்டைக்கு வாங்குநர் என்பதால் எல்லாக் கடையும் சும்மா தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தேங்காய்ப் பொச்சு வேறு ரகம். சுவாலைக்கு உதவாது, தணலை அணையாமல் வைத்திருக்க உதவும். நன்றாகக் காய்ந்த பொச்சைத் தணலில் புதைத்துச் சாம்பல் மூடினால் மணிக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும். தெருவோரத் தம்பிலிக் கடையில் மலைபோல் குவியும் இளநீர்க் கோம்பையைத் தூக்கி வராதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். காய்வதற்குள் அழுகிப் புழு வைக்கும். தென்னை மட்டையும் பாளையும் பன்னாடையும் பற்றவைக்க அருமையானவை. பன்னாடை ஒரு கைப்பிடி இருந்தால் மண்ணெண்ணெய் போத்தலைத் தேட வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் ஊற்றுவதால் ஈரக் கட்டை காயாது. எண்ணெய் எரிந்து முடிய அணைந்துவிடும். அணைந்த தணல் மேல் திரும்ப ஊற்றும்போதுதான் முகம் கருகுகிறது.

வளவுகளில் கத்தரிக்கும் கிளைகள் அடுத்த பெரிய ஊற்று. பிலியந்தலை, ஹோமாகம, கடுவெலப் பக்கம் வேலிக்கு நட்டிருக்கும் கிளிரிசீடியா வெட்ட வெட்டத் துளிர்க்கும். வேலிக்காரருக்குக் கிளை தொல்லை, நமக்கு விறகு. காய்ந்தால் சூட்டில் றப்பரைவிடக் குறையாது, தணலும் நன்றாக நிற்கும். பட்டை தடிப்பானது என்பதால் அப்படியே போட்டு வைத்தால் மாதக்கணக்காக ஈரமாகவே கிடக்கும். மணிக்கட்டைவிடப் பருமனானதை இரண்டாகப் பிளக்க வேண்டும், மெல்லியதில் ஒரு பக்கப் பட்டையையாவது கத்தியால் சீவிவிட வேண்டும். இலை எருவாகும், எறியாதீர்கள்.

கொய்யா கிடைத்தால் விடாதீர்கள். சிறு கிளைகூடக் கனக்கும், தணல் நெடுநேரம் நிற்கும். புளியும் அப்படித்தான், ஆனால் நார் பின்னிக்கிடப்பதால் ஆப்பு இல்லாமல் பிளக்காது. பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்தபின் கோடாலி தெறிக்கும். பலா நிதானமாக எரியும். கிளை கழிப்பது வேறு, மரத்தையே வெட்டுவது வேறு: பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருவதால், சொந்த வளவில் நின்றாலும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வெட்டிய மரத்தை யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால் அந்தத் தாளைக் கேளுங்கள்.

மா எங்கும் கிடைக்கும், நடுத்தரமான விறகு. மாம்பால் பட்டால் தோல் பொங்குபவர்கள் பச்சை மாவைக் கையாளவும் கூடாது, அதன் புகையில் நிற்கவும் கூடாது. முருங்கை, இலவம், வாழையடி, அரசங்கிளை, அல்பீசியா எல்லாம் பார்க்கப் பருமன், தூக்கினால் பாரமில்லை. குப்பென்று எரிந்து சாம்பலாகும், தணலே இராது. கொண்டுவரும் கூலிக்குக்கூடப் பெறாது. ஒரு கட்டையின் தரத்தை அறிய மரத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. காய்ந்தபின் கையில் தூக்கிப் பாருங்கள், கனத்தால் எடுங்கள்.

தெருவோர மரங்களைப் பொறுத்தவரை, மின்கம்பியில் முட்டும் கிளைகளை வெட்டும்போதும் காற்றுக்கு மரம் சாயும்போதும் நல்ல கட்டை கிடைக்கும். வேலை செய்யும் குழுவின் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். மாநகர சபை மரம் விழுந்தாலும் சபையின் சொத்துத்தான். கொட்டம்பா, மகோகனி, புங்கை எல்லாம் அடுப்புக்கு ஏற்றவை. பெரிய மாராமரத்து அடிக்கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம், கையளவு கிளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடற்கரைக் கட்டை வேண்டவே வேண்டாம். வெள்ளவத்தை, தெஹிவளைக் கரையில் வெள்ளையாக உலர்ந்து ஒதுங்கிக் கிடக்கும் கட்டை ஆசையாகத்தான் இருக்கும், உள்ளே உப்பு ஊறியிருக்கிறது. எரிக்கும்போது குளோரின் சேர்ந்த நச்சுப்புகை வரும், அடுப்புத் தகரமும் பாத்திரமும் அரித்துப்போகும்.

நச்சு மரங்களையும் தெரிந்து வையுங்கள். அலரி, மஞ்சள் அலரி இரண்டின் சுள்ளியும் அடுப்புக்குள் போகக்கூடாது. கிளையால் கறி துழாவவும் கூடாது. நீர்கொழும்பு, முத்துராஜவெலச் சதுப்புப் பக்கம் விறகு எடுப்பவர்கள் தில்லையைத் தவிர்க்க வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, புகையும் கண்ணைக் கெடுக்கும்.

மொறட்டுவைத் தச்சுப்பட்டறைகளின் துண்டுகள் நகரத்துக்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் மிக வசதியான விறகு. தேக்கு, மகோகனி, பலா என்று ஏற்கெனவே காய்ந்த மரம். ஆனால் சாக்கைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒட்டுப்பலகை, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எப். பலகை, மெலமைன் ஒட்டியது, வார்னிஷ் அல்லது பெயின்ற் பூசியது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். பசையில் போர்மல்டிஹைட் இருக்கிறது, பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். துண்டின் ஓரத்தைப் பாருங்கள். மரவரி தெரிந்தால் மரம், பிஸ்கற்போல ஒரே மாவாகவோ தட்டுத்தட்டாகவோ இருந்தால் பசை போட்டு ஒட்டிய பலகை.

சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளான பலெற்றுகளில் கோதுமைக் கதிர் முத்திரையைத் தேடுங்கள். பக்கத்தில் எச்.டி. என்றிருந்தால் 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றிய மரம், எரிக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெதைல் புரோமைட் வாயு அடித்தது, விட்டுவிடுங்கள். முத்திரை சரியாக இருந்தாலும் எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கறை இருந்தால் அதுவும் வேண்டாம். மாடிக்கட்டட வேலைத்தளத்தில் கழிக்கும் ஷட்டரிங் பலகை ஏராளமாகச் சும்மா கிடைக்கிறது. அதில் சீமெந்தும் ஆணியும் மட்டுமல்ல, கொங்கிறீட் ஒட்டாமலிருக்கப் பூசிய எண்ணெயும் ஊறியிருக்கும். சமையலுக்கு ஆகாது. பச்சை நிறம் ஏறிய மருந்தடித்த கம்பமும் தார் நாறும் பழைய றெயில் சிலிப்பரும் அதே கணக்கில் சேரும்.

சும்மா கிடைத்த விறகுக்கு நாம் கொடுக்கும் விலை இடமும் காலமும். கொழும்பின் ஈரக்காற்றில் எவ்வளவு நாள் வைத்தாலும் மரத்தின் ஈரம் சுமார் 15 வீதத்துக்குக் கீழே போகாது. 20க்குக் கீழே வந்தால் போதும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் நமக்கு உலர்காலம். மார்கழியில் வெட்டிப் பிளந்து அடுக்கினால் சித்திரைக்குள் எரிக்கலாம். மே மாதத்தில் தென்மேல் பருவத்தோடு அடுக்கினால் ஒக்ரோபர், நவம்பர் மழையும் சேர்ந்துகொள்ளும். அந்த வருடம் முழுக்கப் புகைதான்.

நீளம் ஓரடி, பருமன் இரண்டு விரல். இந்த அளவு அனகி என்னும் களிமண் அடுப்புக்கும் மூன்று கல்லுக்கும் பொருந்தும். தரையிலிருந்து அரையடி உயரத்துக்குச் செங்கல் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு அடுக்குங்கள், கறையான் ஏறுவது கண்ணில் படும். மேலே தகரம், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். தார்ப்பாயால் முழுக்கச் சுற்றிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தார்ப்பாயின் மடிப்பில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். சிரட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடுக்குங்கள், அல்லது சாக்கில் கட்டிக் கூரைக்குள் வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்தால் தண்ணீர் தேங்கிய சிரட்டையைத்தான் தேடுவார். எடுக்கும்போது மேலிருந்து எடுங்கள், பூரானும் பாம்பும் அடியில்தான் இருக்கும்.

காய்ந்ததா என்று அறிய ஒரு கட்டையில் அடையாளம் போட்டுக் கிழமைக்கொருமுறை சமையல் தராசில் நிறுங்கள். இரண்டு கிழமை தொடர்ந்து எடை குறையாவிட்டால் அது காயக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிட்டது. ஈரமானி வைத்திருப்பவர்கள் கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள், வெளிப்பக்கம் காட்டும் எண் பொய்யானது.

12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையைச் செய்ய, காற்று மறைத்த அனகி அடுப்பில் காய்ந்த விறகு கிட்டத்தட்ட 100 கிலோ வேண்டும். வெறும் மூன்று கல்லில் என்றால் 170 வரை போகும். 2022 போல மறுபடி ஒரு தட்டுப்பாடு வந்தால் சமாளிக்க எண்ணி விறகு சேர்ப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்து இடத்தை ஒதுக்குங்கள். வளவுள்ள வீடு என்றால் கிளிரிசீடியாவும் கொய்யாவும் சிரட்டையும் சேர்த்தால் வாங்கவே தேவையில்லை. சேமிக்க மூலை இல்லாதவர்கள் சும்மா கிடைப்பதன் பின்னால் அலையாமல் கறுவாக் கட்டை வாங்குவதே நல்லது.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்குப் பொங்கலன்று மட்டும்தான் விறகு. அரைக்கிலோ அரிசிப் பொங்கலுக்கு மூன்று கிலோ கறுவாவும் நாலைந்து சிரட்டையும் போதும். மொட்டைமாடியில் கடற்காற்று அடித்தால் இன்னும் ஒரு கிலோ வையுங்கள், கடல் பார்த்த பக்கத்தைத் தகரத்தால் மறையுங்கள். கொங்கிறீட் தளத்தில் நேரே தீ மூட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சிம்பு தெறிக்கும். இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் அடுக்கி, பிறகு கல் வையுங்கள். முடிந்ததும் தணலை வாளித் தண்ணீரில் போட்டு அணைத்துவிட்டுத்தான் மணலை அள்ள வேண்டும். மணலுக்குள் புதைந்த தணல் மாலைவரை சூடாகவே இருக்கும், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம்.