தாய்லாந்தின் ஓய்வுக்கால நீட்டிப்பும் எட்டு லட்சம் பாத் வங்கிக் கணக்கும்: ஒரு மதிப்புரை

தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க வரும் வெளிநாட்டவருக்கு அந்நாட்டுக் குடிவரவுத் துறை ஆண்டுதோறும் வழங்கும் தங்கல் நீட்டிப்பையும், அதற்கு ஆதாரமாக அமையும் வங்கிக் கணக்கையும் சேர்த்து ஒரே சேவையாகக் கருதி இம்மதிப்புரையை எழுதுகிறேன். இரண்டையும் வெவ்வேறு வேலைகள் என்று எண்ணுபவர்கள்தாம் பெரும்பாலும் அவதிப்படுகிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 50 வயது நிறைந்து, கையில் ஓரளவு சேமிப்பும், காகிதங்களை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பழக்கமும் உள்ளவருக்கு இது நம்பத்தக்க ஏற்பாடு, இதற்கு ஏஜெண்ட் எவரும் தேவையில்லை. குறைகளுள் இரண்டு பெரியவை. இரண்டுமே வங்கிப் பக்கத்தில் இருக்கின்றன.

விசா வகைகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நான் பேசுவது 'நான்-இமிகிரண்ட் ஓ' (Non-Immigrant O) என்ற வகையைப் பற்றி. முதலில் 90 நாள் அனுமதி கிடைக்கும். பிறகு அதை ஓய்வுக்காலம் என்ற காரணத்தின்பேரில் ஓராண்டு ஓராண்டாக நீட்டிக்கொள்ளலாம். 'ஓ ஏ' (O-A) என்ற இன்னொரு வகையைத் தாயகத்திலுள்ள தாய்லாந்துத் தூதரகத்தின் வழியே பெற வேண்டும். அதற்கு 30 லட்சம் பாத் அளவுக்கு மருத்துவக் காப்பீடும் கேட்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய பத்தாண்டு நீண்டகால விசா, ஆண்டுக்கு 80,000 டாலர் ஓய்வூதியமோ முதலீட்டு வருமானமோ உள்ளவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. 40,000 டாலர் வருமானம் உள்ளவரும் 2,50,000 டாலர் முதலீடு செய்தால் சேரலாம். நடுத்தர வருவாயில் ஓய்வு பெற்றவருக்கு எட்டக்கூடியது 'ஓ' வகை ஒன்றுதான்.

அதன் நிபந்தனை எழுத்தில் தெளிவாக இருக்கிறது. தாய்லாந்து வங்கியில் விண்ணப்பதாரரின் பெயரில் 8,00,000 பாத் இருக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் இருக்க வேண்டும். அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு எட்டு லட்சத்தை எட்ட வேண்டும். 2019 மார்ச் 1 முதல் இதில் கால வரம்பும் சேர்ந்தது. விண்ணப்பிப்பதற்கு முன் இரண்டு மாதங்களும், நீட்டிப்புக் கிடைத்தபின் மூன்று மாதங்களும் எட்டு லட்சம் முழுமையாக இருக்க வேண்டும். ஆண்டின் எஞ்சிய மாதங்களில் இருப்பு ஒருநாளும் நான்கு லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்னதாக மீண்டும் எட்டு லட்சமாக்கிவிட வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், பாதித் தொகையைக் கையில் எடுத்துச் செலவிட உண்மையில் ஏழு மாத அவகாசமே உண்டு. ஆகவே எட்டு லட்சத்தைத் தொடாத பணமாக ஒரு கணக்கில் வைத்துவிட்டு, அன்றாடச் செலவுக்கு வேறொரு கணக்கு வைத்துக்கொள்வதே நிம்மதி. அந்தப் பணம் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கும் விடை உண்டு: 2021 ஆகஸ்ட் முதல் ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் பத்து லட்சம் பாத் வரை அரசின் வைப்புக் காப்பு இருக்கிறது. எட்டு லட்சம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இனி முதற்பெருங்குறை. கணக்கு இல்லாமல் நீண்டகால அனுமதி இல்லை. நீண்டகால அனுமதி இல்லாதவருக்குக் கணக்குத் திறக்கப் பல கிளைகள் மறுக்கின்றன. மோசடிக் கும்பல்கள் பிறர் பெயரில் கணக்குகளை வாங்கிப் பயன்படுத்தியதைத் தொடர்ந்து வங்கிகள் அண்மைய ஆண்டுகளில் வெளிநாட்டவர் விஷயத்தில் மிகவும் கெடுபிடியாகிவிட்டன. அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே வங்கியின் இரு கிளைகள் ஒரே ஆவணங்களுக்கு இரு வேறு பதில்களைச் சொல்வதை நியாயம் என்று ஏற்க முடியவில்லை. நான் முதலில் சென்ற கிளையில் கடவுச்சீட்டைத் திறந்து பார்த்த அலுவலர், பணி அனுமதி இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓய்வு பெற்று வாழ வந்தவருக்குப் பணி அனுமதி எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, தலைமை அலுவலக விதி என்பதே பதிலாக இருந்தது. அதே வங்கியின் இன்னொரு கிளையில், வாடகை ஒப்பந்தம், வெளிநாட்டவர் தங்கியிருப்பதை வீட்டு உரிமையாளர் குடிவரவுத் துறையில் பதிவு செய்ததற்கான டிஎம் 30 ரசீது, குடிவரவு அலுவலகம் தந்த வசிப்பிடச் சான்று ஆகியவற்றைக் காட்டியதும் அன்றே கணக்குத் திறந்து பாஸ்புக்கைக் கையில் தந்தார்கள். எனவே ஓய்வு பெற்ற வெளிநாட்டவர் அதிகம் வாழும் பகுதியிலுள்ள கிளைக்குச் செல்லுங்கள். காலை நேரத்தில் செல்லுங்கள். ஒரு கிளை மறுத்தால் வங்கியே மறுத்துவிட்டதாக எண்ண வேண்டாம். கைப்பேசி எண்ணை முன்கூட்டியே உங்கள் கடவுச்சீட்டுப் பெயரில் பதிவு செய்து வைப்பதும் முக்கியம், ஏனெனில் வங்கிச் செயலியின் பெயரும் சிம் அட்டையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இப்போது வலியுறுத்துகிறார்கள்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவோர் இன்னொரு கணக்கையும் பார்த்தாக வேண்டும். எட்டு லட்சம் பாத் என்பது இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தியாவில் வசிப்பவராகவே இருந்து ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணவனுப்புத் திட்டத்தின்கீழ் அனுப்பினால், ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுமதி உண்டு என்றாலும், பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு 20 சதவீதம் வரியாக முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைத் திரும்பப் பெறலாம். ஆயினும் புறப்படும் நேரத்தில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் முடங்குவது சிறிய விஷயமன்று. மார்ச் மாதத்தில் ஒரு பகுதியையும் ஏப்ரலில் மறுபகுதியையும் அனுப்பினால் இரண்டு நிதியாண்டுகளின் வரம்பும் கிடைக்கும் என்பதை வங்கியில் யாரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை. குடிபெயர்ந்தபின் தாயகத்துச் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ (NRO) கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டியது அந்நியச் செலாவணிச் சட்டப்படி கட்டாயம். ஓய்வூதியம் அதில் வரவு வைக்கப்படும். ஆண்டுதோறும் நவம்பரில் தரும் உயிர்வாழ் சான்றையும் மறந்துவிடலாகாது.

பணம் வந்து சேரும் வழியும் கவனிக்கத்தக்கது. 90 நாள் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முதல் முறையும், மாத வருமான வழியைத் தேர்ந்தெடுத்தவர் ஒவ்வோர் ஆண்டும், பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதை நிறுவ வேண்டும். வங்கிகள் அதைப் பாஸ்புக்கில் ஒரு குறியீட்டால் காட்டுகின்றன. பாங்காக் வங்கியின் பாஸ்புக்கில் அது எஃப்டிடி (FTT) என்ற மூன்று எழுத்து. சில இணையப் பணவனுப்புச் சேவைகள் தாய்லாந்துக்குள் இருக்கும் தம் கணக்கிலிருந்து தொகையை மாற்றிவிடுவதால், அது உள்நாட்டுப் பரிமாற்றமாகப் பதிவாகிறது. பணம் உங்களுடையதுதான், வெளிநாட்டிலிருந்து வந்ததும் உண்மைதான்; ஆனால் குறியீடு இல்லாவிட்டால் அலுவலரின் கண்ணுக்கு அது உள்ளூர்ப் பணமே. ஆகவே முதல் பெருந்தொகையை வங்கிக்கு வங்கி நேரடியாக அனுப்பி, கிளையில் வெளிநாட்டு வரவுச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்புக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செயலியில் இருப்புத் தெரிகிறதே என்று பலர் மாதக்கணக்கில் அதைத் தொடுவதில்லை. நெடுநாள் பதிக்காமல் விட்டால், இயந்திரம் இடைப்பட்ட பரிவர்த்தனைகளையெல்லாம் ஒரே வரியாகச் சுருக்கி அச்சிட்டுவிடும். அந்த மாதங்களில் இருப்பு எவ்வளவு இருந்தது என்பது பாஸ்புக்கிலிருந்து மறைந்துவிடும். குடிவரவு அலுவலர் தேடுவதோ அதைத்தான். அப்போது பன்னிரண்டு மாத அறிக்கையைத் தலைமை அலுவலகத்திலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். மாதம் ஒருமுறை வங்கி வாசலிலுள்ள இயந்திரத்தில் பாஸ்புக்கைச் செருகிப் பதித்துக்கொண்டால் இந்தச் சிக்கலே எழாது. விண்ணப்பிக்கும் நாளன்று காலையில் ஒரு சிறு தொகையைப் போட்டு, அன்றைய தேதியுடன் ஒரு வரியை அச்சிட்டுக்கொள்வதும் இங்கே எல்லாரும் அறிந்த வழக்கம். அத்துடன் கணக்கு வைத்திருக்கும் கிளையில் இருப்புச் சான்றுக் கடிதம் வாங்க வேண்டும். அது புதிய தேதியில் இருப்பது நல்லது. கட்டணம் 100 அல்லது 200 பாத்.

இவ்வளவும் சரியாக இருந்தால் குடிவரவு அலுவலகம் எளிது. பாங்காக்கில் வசிப்போர் சேங் வத்தனா சாலையிலுள்ள அரசு வளாகத்துக்குச் செல்ல வேண்டும். மற்ற மாகாணத்தவர் தத்தம் மாகாண அலுவலகத்துக்கு. நீட்டிப்புக்கான டிஎம் 7 விண்ணப்பப் படிவம், நிழற்படம், கையொப்பமிட்ட கடவுச்சீட்டு நகல்கள், வங்கிக் கடிதம், பாஸ்புக் நகல்கள், முகவரிச் சான்று, வீட்டுக்குச் செல்லும் வழியைக் காட்டும் வரைபடம் ஆகியவற்றைக் கொடுத்து 1,900 பாத் கட்ட வேண்டும். அங்கே பணியாற்றுவோர் கண்டிப்பானவர்கள், ஆனால் மரியாதை குறையாதவர்கள். என் நகல்களுள் ஒன்றில் கையொப்பம் விடுபட்டிருந்தபோது அந்த அம்மையார் கோப்பைத் திருப்பி வீசவில்லை. பேனாவை நீட்டி இடத்தைச் சுட்டிக்காட்டினார். முதியவர்கள் வந்து போகும் ஓர் அலுவலகத்தில் இந்தப் பண்பு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அங்கே காத்திருந்தவர்களின் முகத்தில் பார்த்தேன்.

90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிப்பது ஒரு கடமை. உரிய நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை செய்யலாம், இணையத்திலும் முடியும். இதைவிட ஆபத்தானது மறுநுழைவு அனுமதி. ஓராண்டு நீட்டிப்புக் கையில் இருந்தாலும், மறுநுழைவு முத்திரை இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் அந்த நீட்டிப்பு அக்கணமே இல்லாமற்போகும். ஒருமுறைக்கு 1,000 பாத், பலமுறைக்கு 3,800 பாத். தாயகத்தில் பெற்றோரோ உடன்பிறந்தாரோ முதுமையில் இருப்பவர்கள், எந்த நேரத்தில் அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது என்பதால், நீட்டிப்புப் பெறும் நாளிலேயே பலமுறை அனுமதியையும் வாங்கிவிட வேண்டும். பதற்றத்தில் விமான நிலையத்துக்கு ஓடும்போது இதை நினைவில் வைத்திருப்பவர் அரியவர்.

ஏஜெண்டுகளைப் பற்றி. படிவம் நிரப்பவும் வரிசையில் நிற்கவும் உதவுபவர்கள் இருக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அது பயனுள்ள உதவி. ஆனால் எட்டு லட்சம் இல்லாதவர் கணக்கில் சில நாட்களுக்குப் பணம் போட்டு, முத்திரை கிடைத்ததும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் சிலர் விற்கிறார்கள். எனக்கும் ஒருவர் இதைச் சர்வ சாதாரணமாக முன்மொழிந்தார். தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். முத்திரை உண்மையானதாக இருக்கலாம். அது நிற்கும் ஆதாரம் பொய். மூன்று மாதம் கழித்துப் பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்லும் அலுவலகங்கள் இருக்கின்றன. தவறு வெளிப்பட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியவர் நீங்கள்.

வரி விதியும் மாறியிருக்கிறது. ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தாய்லாந்தில் இருப்பவர், 2024 ஜனவரி 1 முதல் ஈட்டும் வெளிநாட்டு வருமானத்தை எந்த ஆண்டில் தாய்லாந்துக்குள் கொண்டுவந்தாலும் அது வரிக்கு உட்படும். அதற்கு முன் சேர்ந்த சேமிப்புக்கு விலக்கு உண்டு. எனவே 2023 டிசம்பர் 31 அன்றைய தாயக வங்கி அறிக்கையை அச்சிட்டுப் பத்திரப்படுத்துங்கள். இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஓய்வூதியம் எவ்வகையினது என்பதைப் பொறுத்து அது பயன்படும் விதம் மாறுவதால், இந்த ஒன்றுக்கு மட்டும் கணக்காய்வாளருக்குக் கட்டணம் கொடுப்பது தகும்.

இரண்டாவது பெருங்குறையைப் பற்றி எவரும் பேசத் தயங்குகிறார்கள். நீட்டிப்புக்கான கணக்குத் தனி ஒருவர் பெயரில் இருக்க வேண்டும் என்பதே நடைமுறை. மனைவி சார்ந்திருப்பவராகக் கணவரின் எட்டு லட்சத்தைக் கொண்டே தங்க அனுமதி பெறலாம். அது நல்ல சலுகை. ஆனால் கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால் வங்கி கணக்கை முடக்கிவிடும். தாய்லாந்து நீதிமன்றம் நிர்வாகி ஒருவரை நியமித்த பிறகே பணம் வெளிவரும். அதே வேளையில், சார்ந்திருப்பவர் என்ற மனைவியின் அனுமதிக்கும் அடிப்படை போய்விடுகிறது. கணவரை இழந்த பெண் ஒருவர், மொழி தெரியாத ஊரில், ஈமச்சடங்குச் செலவுக்குக்கூட அந்தப் பணத்தைத் தொட முடியாமல் நிற்க நேரும். தாய்லாந்துச் சொத்துக்கென்று அந்நாட்டுச் சட்டப்படி தனி உயில் ஒன்றை எழுதி, நிர்வாகியின் பெயரைக் குறிப்பிட்டு, மனைவி பெயரில் சில மாதச் செலவுக்கான தொகையை வேறு கணக்கில் வைத்தால் இந்தத் துன்பம் பெருமளவு குறையும். டிஎம் 7 படிவத்துடன் இத்தனை ஆவணங்களைக் கேட்கும் குடிவரவுத் துறை, உயில் எழுதிவிட்டீர்களா என்ற ஒரு வரியையும், வாரிசுக்கு என்ன வழி என்று விளக்கும் ஒரு தாளையும் அதனுடன் சேர்த்துத் தர வேண்டும் என்பது என் வேண்டுகோள். வங்கிகளும் எட்டு லட்சத்தை வாங்கி வைக்கும் நாளிலேயே அந்தத் தாளை வாடிக்கையாளரின் மொழியிலோ ஆங்கிலத்திலோ கையில் கொடுக்க வேண்டும்.