சின்னமலை நாடகத்துக்குத் துப்பாக்கி: பழைய குழலா, ஜி.ஐ. பைப்பா, மரமா?

தீரன் சின்னமலையின் நினைவு நாளான ஆடிப் பதினெட்டு நெருங்கும்போது சேலம், சங்ககிரி வட்டாரத்தில் அவர் நாடகம் போடுகிறவர்களுக்கு ஒரே தலைவலி, கும்பினிச் (கிழக்கிந்தியக் கம்பெனி) சிப்பாய்க்குக் கொடுக்கத் துப்பாக்கி எங்கே என்பதுதான். ஈட்டி, வாள், கேடயம் எல்லாம் தெருக்கூத்து ஜமாவிடம் வாடகைக்குக் கிடைத்துவிடும். மருந்து கெட்டித்து, கல் உரசும் பொறியால் சுடும் கல் துப்பாக்கி கிடைக்காது, செய்துகொள்ள வேண்டும். மூன்று வழி பேசப்படும். எங்கள் ஓட்டு மரத்துக்கு. செய்ததும் மரத்தில்தான்.

முதலில் அளவு. சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டது 1805-ல். அந்தக் காலத்துச் சிப்பாய் தூக்கியது 'பிரவுன் பெஸ்' வகையின் இந்தியா பேட்டர்ன். குழல் மட்டும் 39 அங்குலம் (99 செ.மீ.), மொத்த நீளம் 55 அங்குலம் (140 செ.மீ.), எடை ஏறக்குறைய 4.4 கிலோ. பெயரில்தான் பழுப்பு, குழலைப் பளபளவென்று தேய்த்து வெள்ளையாகவே வைத்திருப்பார்கள். ஆகவே கறுப்புப் பெயின்ட் அடித்த துப்பாக்கி மேடையில் தப்பு. பாளையக்காரரான சின்னமலை பக்கத்து ஆட்களுக்கும் இதையே கொடுக்காதீர்கள். அவர்களிடம் ஈட்டியும் திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும்தான் அதிகம்.

பழைய ஷாட்கன் குழல் வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களில் கிடந்தது, காயலான் கடைக்கு வந்தது, அசல் இரும்பு, அசல் கனம் என்பார்கள். இரண்டு காரணத்தால் அது ஆகாது. அளவே சேராது: 12 போர் (ஷாட்கன் துளையின் ஓர் அளவு) குழல் பொதுவாக 28 அல்லது 30 அங்குலம், அதாவது ஒன்பது பதினோரு அங்குலம் குட்டை. இரட்டைக் குழலாக இருந்தால் நடுவில் பட்டை வைத்துப் பற்றவைத்திருக்கும், முன்பக்கம் தகடு மாதிரி மெலிந்திருக்கும். எவ்வளவு ஒப்பனை செய்தாலும் கல் துப்பாக்கியாகத் தெரியாது.

இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்றால் அதன் பாகங்களும் சேர்த்தி. தராசில் நிறுத்து வாங்கினாலும் குழல் குழல்தான். அதை அறுத்துக் குட்டையாக்கவும், பொம்மைத் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றவும் உரிமம் வேண்டும் என்கிறது 6-ஆவது பிரிவு. உரிமமில்லாமல் துப்பாக்கி செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு வருஷச் சிறை, ஆயுள் வரை போகலாம். நாடகத்தன்று யாரும் கேட்கமாட்டார்கள். திரை இறங்கிய பிறகு மீதி 364 நாளும் அது யார் வீட்டுப் பரணில் கிடக்கும் என்பதுதான் கேள்வி. சேர்வராயன் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டை பேச்சு அடிபடும் ஊரில், கோணிப்பையில் சுற்றிய ஒரு குழலைக் காட்டி "நாடகத்துக்குங்க சார்" என்று சொன்னால் எடுபடாது. கையில் வந்து சேர்ந்திருந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதே வழி.

ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கேட்ட அளவில் அறுத்துத் தருவார்கள். முக்கால் அங்குல பைப்பின் வெளி விட்டம் 27 மி.மீ., மீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கனம் நன்றாக இருக்கும், கட்டையை (குழலைத் தாங்கும் மரப்பகுதி) தரையில் ஊன்றும்போது 'டங்' என்று சத்தமும் வரும். ஆனால் அசல் குழல் அடியில் பருத்து நுனியில் ஒடுங்கும். பைப்போ ஒரே பருமன், பந்தல் கால் மாதிரி. துத்தநாகப் பூச்சின் மேல் சாதாரணப் பெயின்ட் ஒட்டாது, ஒத்திகையிலேயே செதிள் செதிளாக உரியும்.

பரண் கேள்வி இதற்கும் உண்டு. ஒரு முனை அடைத்த இரும்புக் குழாய் கண்ணில் பட்டால், அதில் பட்டாசு மருந்தைப் போட்டுப் பார்க்க ஊரில் ஒரு விடலையாவது இருப்பான். இந்தப் பைப் தண்ணீருக்காகச் செய்தது, நீளவாக்கில் பற்றவைத்த தையல் இருக்கும், வெடித்தால் முகத்துக்கு நேரே பிளக்கும். பைப்தான் என்று முடிவானால் இரண்டு முனையையும் திறந்தே விடுங்கள், குறுக்கே மூன்று இடத்தில் ரிவெட் அடியுங்கள்.

பி.வி.சி. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்வரிசையில் நிற்கும் கூட்டத்துக்குப் போதும். வெயிலில் வைத்தால் வளையும்.

இனி மரம். கட்டைக்கு முதல் தேர்வு குமிழ்: லேசு, செதுக்க இணங்கும், கோணாது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் சேலத்து மர அறுவை மில்களில் மலிவு, ஆனால் வண்டு துளைக்கும். போரிக் அமிலமும் வெங்காரமும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே தொடவேண்டும். தேக்கு வீண் செலவு. அதில் எண்ணெய்ப்பசை இருப்பதால், தின்னரால் துடைக்காமல் ஒட்டினால் பசையும் விட்டுப்போகும்.

ஒரு துப்பாக்கிக்கு 130 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 45 மி.மீ. கனத்தில் ஒரு பலகை. குழல் கட்டையைத் தாண்டி முன்னால் 10 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், பயனட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் இடம் அது. உடைகிற இடம் எப்போதும் ஒன்றே: கை பிடிக்கும் கழுத்து. அடிக்கட்டை கீழ்நோக்கிச் சாய்வதால் அங்கே மர ரேகை குறுக்கே ஓடிவிடும், தரையில் ஒரு முறை ஓங்கி ஊன்றினால் பிஸ்கட் மாதிரி ஒடியும். அட்டையில் வெட்டிய அச்சைப் பலகை மேல் வைத்து, கழுத்தில் ரேகை நீளவாக்கில் ஓடும்படி திருப்பிப் பாருங்கள். எப்படித் திருப்பியும் அமையாவிட்டால், உள்ளே 20 செ.மீ. நீளத்துக்கு 6 மி.மீ. கம்பி இறக்கி எப்பாக்ஸி ஊற்றவேண்டும். ஆசாரி "தேவையில்லீங்க" என்பார். விடாதீர்கள்.

குழலும் மரமே, உருட்டுக் கம்பாக. அடியில் 34 மி.மீ., நுனியில் 22. கட்டில் கால் கடையும் பட்டறையில் ஒரு மீட்டர் நீளத்தை ஒரே மூச்சில் கடைந்தால் நடுப்பகுதி அதிர்ந்து அலை அலையாக வெட்டுப்படும். நடுவில் தாங்கி வைக்கச் சொல்லுங்கள், இல்லையேல் இழைப்புளியால் சதுரம், எண்பட்டை, பதினாறுபட்டை என்று கையாலேயே உருட்டலாம். நுனியில் துளை ஐந்து செ.மீ. ஆழம் போதும், உள்ளே கறுப்பு அடியுங்கள். சர்ஃபேசர் (அடிப்பூச்சு) இரண்டு பூச்சு, 220, 400 உப்புத்தாள், அதன் மேல் துளி கறுப்பு கலந்த அலுமினியப் பெயின்ட். காய்ந்ததும் பென்சில் கரித்தூளைத் துணியில் தொட்டு அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்: பெயின்டின் மினுக்கு அடங்கி, தேய்ந்த இரும்பின் மங்கல் பளபளப்பு வரும். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் மரம் என்று தெரியாது. அடிக்கட்டைத் தகடும் விசைக்காப்பும் (விசையைச் சுற்றிய வளையம்) பித்தளை, 22 கேஜ் தகடு கையாலேயே வளையும்.

எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோவுக்குள் அடங்கும். பத்து நிமிஷம் தோளில் வைத்து நிற்கும் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இதுவே கனம்.

கல்லைப் பிடித்து அடிக்கும் 'குதிரை' விரலால் இழுத்தால் பின்னுக்குப் போய் நின்றால் போதும், ஸ்பிரிங் வாஷர் போட்ட ஒரு போல்ட் அந்த வேலையைச் செய்யும். பொறி பறக்கவேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். பட்டு வேட்டியும் வைக்கோல் கூரை செட்டும் இருக்கிற மேடையில் அது வேண்டவே வேண்டாம். குதிரை வாயில் சக்கிமுக்கிக் கல்லுக்குப் பதில் சேலத்து வெள்ளைக்கல்லையே செருகலாம். மாக்னசைட் மிருதுவான கல், எதில் உரசினாலும் பொறி வராது.

மரத்துக்கு ஒரு குறை உண்டு. கெட்டிக்கும் கம்பியை உருவிக் குழலுக்குள் விட்டுக் குத்தும் காட்சி, ஐந்து செ.மீ. துளையில் நடக்காது. அதைச் செய்யும் ஒரே ஒரு சிப்பாய்க்கு மட்டும் பி.வி.சி. குழல் வைத்துக்கொடுங்கள். பழகிய சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடுவான் என்பது கணக்கு. ஒரு முறை கெட்டிக்க இருபது விநாடி மேடையில் ரொம்ப நீளம், எட்டாகக் குறைக்கலாம். ஃபைபரில் வார்த்ததும் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. ஒரு மழைக்காலம் தாங்கியதைப் பார்த்தாயிற்று, அதற்கு மேல் உத்தரவாதம் சொல்ல முடியாது.

சத்தம் ஸ்பீக்கரில்தான். கல் துப்பாக்கியில் குழலுக்கு வெளியே சிறு கிண்ணத்தில் இருக்கும் மருந்து 'புஸ்' என்று பற்றிய பிறகே குழல் 'டம்' என்று அதிரும், இரண்டும் சேர்ந்து வராது. ஒலிக்காரரிடம் இதைச் சொல்லிவைத்தால் நடிகரின் தோள் அதிர்வும் சரியாக விழும். நாடக அனுமதிக்கு ஸ்டேஷனில் கொடுக்கும் கடிதத்திலேயே "மரத்துப்பாக்கி 12" என்று எழுதிவிடுங்கள், ஊர்வலம் போகும்போது நிறுத்திக் கேட்டால் நகலைக் காட்டலாம். பரணில் ஏற்றும்போது சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், படுக்க வையுங்கள். சாய்த்து வைத்த குழல் அடுத்த ஆடிக்குள் வில்லாகியிருக்கும்.