மதுரை – குவாஹாட்டி: தளம் சொல்லும் 3 மணி 22 நிமிடம்

ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளியில் எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம். சரக்கு லாரியில் அசாமின் ஜாகிரோடு சந்தைக்குப் போகும். கணக்கு முடிக்க ஆண்டுக்கு இரண்டு முறை நான் விமானத்தில் போவேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் காட்டும் இணையதளம் ஒன்றை ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

மதுரை, குவாஹாட்டி என்று போட்டால் சுமார் 2,300 கிலோமீட்டர், 1,242 கடல் மைல், 3 மணி 22 நிமிடம் என்று வரும். தூரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த கணக்கு அது. கடல் மைலிலும் காட்டுவது எங்கள் கரைக்காரர்களுக்குத் தனி வசதி. நேரம்தான் வம்பு. தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டிவிடுகிறார்கள். அந்த வழியில் நேரடி விமானம் ஓடுகிறதா என்று பார்ப்பதில்லை. முதல் தடவை இதை நம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக ஜாகிரோடு முதலாளியிடம் சொல்லிவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது அவர் கடை அடைத்திருந்தது.

ஒருநாள் பொழுதுபோகாமல் மதுரை–சென்னை, சென்னை–குவாஹாட்டி என்று தனித்தனியே போட்டுக் கூட்டினேன். நேர்க்கோட்டைவிட ஓரிரு கிலோமீட்டர்தான் கூடியது! சென்னை கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. பெங்களூரு வழி நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்று. அன்றிலிருந்து எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பெங்களூரு டிக்கெட் எடுப்பதில்லை.

மிச்ச நேரத்தைத் தின்பது தரை. வீட்டிலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 130 கிலோமீட்டர். இத்தனைக்கும் ஊரிலேயே ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது. மொட்டைமாடியில் கருவாட்டைப் புரட்டிப் போடும்போது தலைக்கு மேலே விமானம் போகும், நான் மதுரைக்கு கார் பேசிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் விமான நிலையம் குவாஹாட்டிக்கு மேற்கே போர்ஜாரில், ஜாகிரோடு நகருக்குக் கிழக்கே. நெரிசலில் ஊரையே குறுக்கே கடக்க வேண்டும்.

காற்றையும் தளம் கணக்கில் எடுப்பதில்லை. குளிர்காலத்தில் வடக்கே உயரத்தில் வீசுவது வலுத்த கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது மறிக்கும். நேர வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டுவதும் சரிதான், ஆனால் டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது.

இப்போதெல்லாம் தளம் காட்டும் நேரத்தை நாலால் பெருக்கித்தான் முதலாளியிடம் சொல்கிறேன். போன மார்கழியில் அதுவும் பொய்த்தது. சென்னையில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, மாதிரிக்குக் கொண்டுபோன நெத்திலிப் பொட்டலத்தோடு இரவு முழுவதும் நாற்காலியில் கிடந்தேன். மூன்று உறை போட்டுக் கட்டியிருந்தும் என் இரு பக்கத்து இருக்கைகளிலும் விடியும்வரை யாரும் உட்காரவில்லை.