மனுவா, ஆர்டிஐயா? கடலூர் சபையாருக்கு

அநீதியான அமைப்புகளை மாற்றுவது ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஐந்து அருட்பணி அடையாளங்களில் ஒன்று. சரி, சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் நாற்றத்துக்கு எதில் தொடங்குவது: கலெக்டரிடம் மனுவிலா, ஆர்டிஐயிலா (தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அரசிடம் தகவல் கேட்கும் விண்ணப்பம்)?

செலவு: மனுவுக்குக் கட்டணம் இல்லை, ஆர்டிஐக்கு 10 ரூபாய்.

காலம்: ஆர்டிஐக்கு 30 நாளில் பதில் தரவேண்டும் என்கிறது 2005 சட்டம். வராவிட்டால் மேல்முறையீடு. மனுவுக்கு அலைச்சல்தான்.

யார் பெயரில்: மனுவில் ஆயர் முதல் மீன் விற்கும் பெண்கள் வரை எல்லோரும் கையெழுத்திடலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கூட்டமாக நின்றாலே ஒரு கனம் உண்டு. ஆர்டிஐ குடிமக்களின் தனி உரிமை. சபை லெட்டர்பேடு வேண்டாம், ஒருவர் தன் பெயரில் போடட்டும். "ஏன் நாறுகிறது?" என்று கேட்டால் மழுப்புவார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வறிக்கை நகலைக் கேளுங்கள்.

தெருவிளக்கு, குடிநீருக்கு மனு போதும். ஆலைக் கழிவுக்கு முதலில் ஆர்டிஐ; கிடைத்த நகலோடு பிறகு மனு.