கானோவில் மழைக்கால மலேரியா தடுப்பு மாத்திரை: ஐந்துக்கு, மருந்துக்கு 5, சேவைக்கு 3

குடும்பத்தோடு வட நைஜீரியாவின் கானோவுக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்து கொசுவைப் பற்றி. வலை, ஸ்பிரே, மாலையில் முழுக்கைச் சட்டை என்று ஆளாளுக்கு யோசனை சொல்வோம். ஆனால் ஜூலை முதல் அக்டோபர் வரை மாதம் ஒரு தடவை, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வந்து இலவசமாகக் கொடுக்கும் மலேரியா தடுப்பு மாத்திரையைப் பற்றி நம் ஆட்கள் பேசிக் கேட்டதில்லை. என் மகளுக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. போன மழைக்காலத்தில் எல்லாச் சுற்றும் கொடுத்தோம். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் மருந்து. ஒரு அட்டையில் வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை மூன்று. வெள்ளை, சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின். மஞ்சள், அமோடயாகுவின். முதல் நாள் வெள்ளையும் ஒரு மஞ்சளும், அடுத்த இரண்டு நாள் மஞ்சள் மட்டும். ஒரு சுற்று அவ்வளவுதான். அதன் பாதுகாப்பு ஏறக்குறைய நான்கு வாரம் நிற்கும், அதனால்தான் மாதாமாதம் வருகிறார்கள். 3 மாதம் முதல் 11 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு அட்டை, 1 வயதிலிருந்து 5 வயது நிறையும் வரை அதைப்போல் இரண்டு மடங்கு அளவுள்ள வேறு அட்டை. வயதைச் சொல்லும்போது தெளிவாகச் சொல்லுங்கள்.

ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னதும், "காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு மாத்திரை எதுக்குடி?" என்றார். நியாயமான கேள்விதான், நம் ஊரில் இப்படி ஒரு வழக்கமே இல்லை. இங்கே கதை வேறு. உலகில் மலேரியாவால் இறப்பவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் நைஜீரியாவில்தான் இறக்கிறார்கள், அதில் பெரும்பாலானவர்கள் சின்னப் பிள்ளைகள். சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் இந்த வறண்ட பட்டையில் வருடம் முழுக்க வர வேண்டிய மலேரியாவில் பாதிக்கு மேல் மழையை ஒட்டிய நாலைந்து மாதத்துக்குள் வந்துவிடுகிறது. அந்த மாதங்களை மட்டும் மருந்தால் அடைத்துவிடலாம் என்பதுதான் யோசனை. உலக சுகாதார நிறுவனம் 2012இல் இதைப் பரிந்துரைத்தது. நைஜீரியாவில் 2013இல் வடக்கே தொடங்கினார்கள். சோதனைகளில் மலேரியாக் காய்ச்சல் முக்கால்வாசி குறைந்திருக்கிறது. முக்கால்வாசிதான், முழுசாக இல்லை. வலையைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள்.

கொடுக்கும் விதத்துக்கு வருவோம். அமோடயாகுவின் கசப்பு. ஆனாலும் இப்போது வருவது தண்ணீரில் கரையும் வகை, இனிப்புச் சேர்த்தது. ஒரு சின்ன டம்ளரில் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் விட்டு மாத்திரையைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். நசுக்கத் தேவையில்லை. என் மகள் முதல் வாய்க்கு முகம் சுளித்தாள், அப்புறம் குடித்துவிட்டாள். கவனிக்க வேண்டியது டம்ளரின் அடி. மஞ்சளாக ஒரு வண்டல் ஒட்டிக்கொண்டு நிற்கும், மருந்தின் ஒரு பகுதி அதில்தான் இருக்கிறது. இன்னும் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கலக்கி அதையும் கொடுத்துவிடுங்கள். வெளிர் நிறச் சட்டை போட்டிருந்தால் முதலில் கழற்றிவிடுவது உத்தமம், அந்த மஞ்சள் லேசில் போகாது.

குடித்தபின் அரை மணி நேரம் அவர்கள் கண்ணெதிரே பிள்ளை இருக்க வேண்டும். அதற்குள் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுப்பார்கள். இந்த விதி நல்ல விதி. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏற வேண்டியிருக்கிறதோ பாவம், ஒரு சுற்றில் வந்த இரண்டு பேர் ஐந்து நிமிடத்தில் அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்கள். இரண்டாம், மூன்றாம் நாள் மாத்திரை நம் கையில்தான். அதை எப்போது கொடுப்பது, வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்றும் நானாகக் கேட்டபின்தான் சொன்னார்கள். முதல் நாள் கொடுத்தவுடன் பிள்ளை சோர்ந்து படுத்தால், "போதும்பா, நாளைக்கு வேண்டாம்" என்று விட்டுவிடும் தாய்மார்கள் இருக்கத்தான் செய்வார்கள். மூன்று நாளும் போனால்தான் அது ஒரு சுற்று. சேவைக்கு நான் மதிப்பெண் குறைத்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்னொரு குறை, நம் பக்கத்தில். காம்பவுண்டு வீடுகளில் கேட்டில் இருக்கும் காவலாளி, "இவங்களுக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று அவராகவே முடிவு செய்து குழுவைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் தெருவில் மருந்து கொடுத்த வீட்டுச் சுவரில் சாக்கட்டியால் குறி போட்டார்கள். உங்கள் சுவரில் குறி இல்லை, பக்கத்தில் இருக்கிறது என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

யாருக்குக் கொடுக்கக்கூடாது? அன்றைக்குக் காய்ச்சல் இருக்கும் பிள்ளைக்கு முதலில் விரல்நுனி ரத்தப் பரிசோதனை, மலேரியா என்றால் சிகிச்சைதான், இந்த மாத்திரை இல்லை. சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், கோட்ரைமாக்சசோல் (சல்ஃபா சேர்ந்த ஆன்டிபயாட்டிக்) தினமும் எடுக்கும் பிள்ளைகளுக்கும் கூடாது. ஊரிலிருந்து வேறு மலேரியா தடுப்பு மருந்து எழுதி வாங்கி வந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். சுற்றுகளுக்கு நடுவே மலேரியா வந்துவிட்டால், இந்த மாத்திரை கொடுத்த தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள். அமோடயாகுவின் கலக்காத மருந்தாக, பெரும்பாலும் ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின், எழுதுவார். பிள்ளையின் பெயரில் தரும் பதிவு அட்டையைத் தொலைக்காமல் வைத்திருந்தால் இதெல்லாம் சுலபம்.

கடைசிச் சுற்று அக்டோபரில் வரும்போது மழை நின்றிருக்கும், கொசுவும் குறைந்த மாதிரி இருக்கும். அதனால் அதை விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். நம்மில் பலர் அப்போதுதான் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புவோம். அங்கே இறங்கியபின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வைரல் ஜுரம் என்று காத்திருக்க வேண்டாம். நைஜீரியாவிலிருந்து வந்திருக்கிறோம் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லி, மலேரியாவுக்கு அன்றே ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.